செயலாளர் ஆண்டறிக்கை: கிடை நாய்ப் பயிற்சியும் சந்தா பாக்கியும்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் ஆட்டுச் சங்கத்தின் செயற்குழு முறையாகக் கூடியது. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி முகாம் நடந்தது. மன்னவனூரில் 1965 முதல் இயங்கிவரும் மத்திய செம்மறி ஆராய்ச்சி மையத்துக்குப் போய் பாரத் மெரினோ என்ற கம்பளிச் செம்மறி இனத்துக் கிடாக்களைப் பார்த்து வந்தோம். மயிர் கத்தரிப்பும் பொங்கல் விழாவும் குறையில்லாமல் முடிந்தன.

இனி, போன பொதுக்குழு தீர்மானம் போட்டு என்னிடம் ஒப்படைத்த நாய்ப் பயிற்சி, அதாவது மந்தையைத் திருப்பிச் சேர்க்க ஒரு நாயைப் பழக்குவது. இதை விரிவாகவே எழுதுகிறேன். "ஆட்டுச் சங்கப் பணத்தில் நாய்க்குச் சோறா" என்று டீக்கடையில் கேட்பவர்கள் கூட்டத்தில் எழுந்து கேட்பதில்லை. பதில் எழுத்தில் இருக்கட்டும்.

மேய்ச்சலுக்கு ஆள் இல்லை. பிள்ளைகள் படித்துவிட்டுத் திண்டுக்கல், கோவை என்று போய்விட்டார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் மிச்சமிருப்பது அறுபதைத் தாண்டிய ஒற்றை ஆளும் ஒரு மந்தையும். பனி இறங்கினால் முன்னால் போகும் ஆடு தெரியாது. பூண்டு வயலில் இறங்கிவிட்டால் தெண்டம். காட்டோரம் ஒதுங்கினால் செந்நாய். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு, எல்லை தாண்டாமல் மந்தையைத் திருப்ப வேண்டிய பொறுப்பும் நம் தலையில்தான்.

நம்மூரில் நாய்க்கா பஞ்சம் என்றார்கள். கோம்பையும் ராஜபாளையமும் காவலுக்கு உயிரைக் கொடுக்கும். சிப்பிப்பாறை ஓடி வேட்டை பிடிக்கும். சிதறிய ஆட்டைச் சுற்றி வளைத்து, கடிக்காமல், ஆளிடம் கொண்டுவந்து சேர்ப்பது வேறு குணம். அது பார்டர் கோலி என்ற மேய்ப்பு நாய் இனத்துக்குப் பிறவியிலேயே உண்டு. வேல்ஸ் நாட்டு பாலா ஊரில் 1873-லேயே இந்த வேலைக்குப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். மலையும் செம்மறியும் உள்ள இடத்தில் பிழைப்புக்காக வளர்ந்த பழக்கம் அது. நமக்குக் கிடைத்தது, கொடைக்கானலில் வீட்டைக் காலி செய்துபோன ஒரு குடும்பம் விலையில்லாமல் கொடுத்த அந்த இனத்துப் பெட்டைக் குட்டி. கருப்பி என்று பெயர் வைத்தோம்.

ஒரு வயதை நெருங்கும்வரை ஆட்டுப் பக்கம் விடவில்லை. ஓடி ஆட்டை முந்த முடியாத குட்டி, பின்னாலேயே துரத்தத்தான் பழகும். அதுவரை "படு", "வா" இரண்டும்தான். பிறகு வலை கட்டிய வட்டப் பட்டிக்குள் ஐந்தாறு அமைதியான ஆடுகள். குட்டி போட்ட ஆட்டைச் சேர்க்கக் கூடாது. அது முட்ட வரும், இளம் நாய் மிரண்டுவிடும்.

ஆடு நடுவில், ஆள் இந்தப் பக்கம், நாய் அந்தப் பக்கம். ஆள் நகர்ந்தால் நாயும் நகர்ந்து எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க வேண்டும். அப்போது ஆடு தானாக ஆளை நோக்கி வரும். கோயிலைச் சுற்றுவதுபோல் போனால் "வலம்", மாறிப் போனால் "இடம்", நெருங்க "நட", விட்டுவர "போதும்". நாய் குறுக்கே பாய்ந்தால் மூங்கில் கழியை அதற்கும் ஆட்டுக்கும் நடுவில் நீட்டி வெளியே தள்ள வேண்டும், அடிக்கக் கூடாது. ஆட்டுக்கு ஓர் எல்லை உண்டு. நாய் அதன் விளிம்பைத் தொட்டால் ஆடு நகரும், உள்ளே புகுந்தால் சிதறும்.

கருப்பி முதலில் மயிரைக் கவ்வத்தான் பார்த்தாள். மார்கழியில் ஒரு காலை, வேலி மூலையில் ஒட்டிய ஆடுகளுக்கும் வலைக்கும் நடுவில் வயிறு தரையில் உரச நுழைந்தாள். மூத்த ஆடு திரும்பிக் காலை உதைத்து நின்றது. கருப்பி ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி கண்ணை எடுக்காமல் நின்றாள். குரைக்கவில்லை. ஆடுதான் முகத்தைத் திருப்பியது. ஐந்தும் என் காலடிக்கு வந்தன. அன்றைக்குப் பார்க்க வந்திருந்தவர்கள் இரண்டு பேர்.

அதுதான் என் மனக்குறை. நாய் யார் குரலில் பழகுகிறதோ அவருக்குத்தான் முழுதாக வேலை செய்யும். ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சி என்று தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், பட்டியின் வாசலைத் தாண்டவில்லை. வந்த சிலர் வேலிக்கு வெளியிலிருந்து விசிலடித்து பிஸ்கட் போட்டார்கள். வேலை நேரத்தில் தயவுசெய்து அது வேண்டாம்.

இன்னொன்றும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆடு அறுத்தால் தலையையும் குடலையும் நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள். அதிலுள்ள பூச்சிக்கட்டி நாயின் வயிற்றில் நாடாப்புழுவாகும். அதன் முட்டை புல்லில் விழும். மேயும் ஆட்டின் மூளையில் கட்டி வளர்ந்து, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழும். இன்னொரு வகைப் புழுவால் மனிதர் ஈரலிலும் நீர்க்கட்டி வரும். எல்லா வீட்டு நாய்க்கும் புழு மருந்தும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுங்கள். ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்குப் போட வேண்டாம். கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு அது உயிருக்கே ஆபத்து.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவில், செலவு வரவை ஒட்டியே இருக்கிறது, கையிருப்பு சொற்பம். வலை, தடுப்பூசி, தீனி இவற்றுக்கு ரசீது உண்டு, யாரும் பார்க்கலாம். சந்தா பாதிக்கு மேல் பாக்கி. மூன்று வருடமாகக் கட்டாதவர்களும் தடுப்பூசி முகாமுக்கு முதல் ஆளாக வருகிறார்கள். ஆட்டைப் பார்த்து நான் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

பட்டிக்கு இடம் கொடுத்த உறுப்பினருக்கும், கால்நடை மருத்துவருக்கும், பொருளாளருக்கும், டீ செலவை ஏற்ற தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கருப்பியைத் திறந்த மேய்ச்சலில் இறக்க வேண்டும். அதற்கு அவளோடு பழக இன்னும் மூன்று பேராவது வேண்டும், இளைஞர்களானால் நல்லது. பெண்களும் பெயர் கொடுக்கலாம். கிடையை அவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்கள். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் மனநிறைவோடு ஒப்படைப்பேன். நாயை மட்டும் நடுவில் கைமாற்ற முடியாது. சந்தாவைக் கூட்டம் முடிந்ததும் கட்டலாம். ரசீதுப் புத்தகமும் பயிற்சிக்குப் பெயர் எழுதும் நோட்டும் பொருளாளர் மேசையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்