சிவசமுத்திரம் கதையில் தங்கவயல் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில், காவிரியில் மைசூர் சமஸ்தானம் கட்டிய சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அருவிப் படங்கள் அருமை. அப்போதைய மைசூர் திவான் சேஷாத்ரி ஐயருக்கு உரிய மரியாதை கொடுத்திருந்தீர்கள், அதெல்லாம் சரி. ஆனால் அவ்வளவு பெரிய கட்டுரையில் கோலார் தங்கவயல் ஒரே ஒரு வரியில் வந்து போய்விடுகிறது. படித்து முடிக்கிறவருக்கு, பெங்களூருக்கு விளக்குப் போடத்தான் மைசூர் சமஸ்தானம் அந்த நிலையத்தைக் கட்டியது என்றே தோன்றும். தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இதை அப்படியே விட மனசு வரவில்லை.

நடந்தது வேறு. 1902 ஜூன் 30ஆம் தேதி சிவசமுத்திரத்திலிருந்து கிளம்பிய மின்சாரம் நேராகப் போனது தங்கச் சுரங்கங்களுக்கு. பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில். மூன்று வருஷம் கழித்து. சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டதால்தான் சமஸ்தானம் துணிந்து பணத்தை இறக்கியது. வாங்க ஆள் இருந்தது, அதனால் நிலையம் வந்தது.

இன்னொன்று, "ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம்" என்று போட்டிருக்கிறீர்கள். இது எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வருகிற தப்பு. டார்ஜிலிங் பக்கம் சித்ராபோங்கில் 1897லேயே சின்னதாக ஒன்று ஓடத் தொடங்கிவிட்டது, ஜப்பானில் கியோட்டோவில் அதற்கும் முன்னால், 1891இல். சிவசமுத்திரத்துக்கு அந்தப் பட்டம் தேவையே இல்லை. அதன் பெருமை தூரத்தில் இருக்கிறது. அருவியிலிருந்து தங்கவயல் 92 மைல், அதாவது சுமார் 148 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு 35,000 வோல்ட்டில் கம்பி இழுத்துக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்தடங்களில் அதுவும் ஒன்று.

கட்டிய விதத்தையும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியிருக்கலாம். திட்டத்தைத் தீட்டியவர் ஜோலி டி லோட்பினியர் என்ற ராணுவப் பொறியாளர், கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்தவர், அவருடைய அப்பா அந்த மாகாணத்தின் பிரதமராக இருந்தவர். மின் எந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்தும், தண்ணீர்ச் சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வீஸ் கம்பெனியிலிருந்தும் கப்பல் ஏறி வந்தன. ரயில் போகாத இடத்துக்கு அந்த இரும்பையெல்லாம் யானைகளை வைத்தும் வண்டிகளில் ஏற்றியும் கொண்டு சேர்த்திருக்கிறார்கள். முதலில் ஓடியவை ஒவ்வொன்றும் 720 கிலோவாட் கொண்ட ஆறு எந்திரங்கள். சேஷாத்ரி ஐயர் இதைப் பார்க்கவில்லை, 1901 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார்.

இடமும் சாதாரண இடமில்லை. காவிரி அங்கே இரண்டாகப் பிரிந்து ஒரு பக்கம் ககனசுக்கியாகவும் இன்னொரு பக்கம் பரசுக்கியாகவும் விழுகிறது. நடுவில் இருக்கிற தீவு, 1956 வரைக்கும் நம்முடைய கோயம்புத்தூர் மாவட்டம், கொள்ளேகால் தாலுகா. தீவில் ரங்கநாதர் கோயில். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் நம் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் இருப்பதால் அவரை மத்திய ரங்கன் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாழடைந்து கிடந்த அந்தத் தீவுக்குக் கல்பாலத்தைச் சீர்படுத்தி, ஜனங்கள் வந்துபோக வழி செய்தவர் திருச்சிராப்பள்ளி ராமசாமி முதலியார், அதற்காகத்தான் அந்த இடம் அவருக்கு ஜாகீராகவே, அதாவது அரசு மானிய நிலமாகவே, கிடைத்தது. பழைய பாலத்தில் ஒரு பகுதி 2018 வெள்ளத்தில் போய்விட்டது. தமிழ் வாசகர்களுக்கு எழுதுகிற கட்டுரையில் முதலியார் பெயர் வந்திருக்க வேண்டாமா?

அணையில்லாத காலத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கோடையில் காவிரி இளைத்துவிடும், மின்சாரம் குறையும், சுரங்கக் கம்பெனிக்கோ வருஷம் முழுக்க ஒரே அளவு வேண்டும். 1911இல் விஸ்வேஸ்வரய்யா கிருஷ்ணராஜ சாகர் அணையைத் தொடங்கியதற்குப் பாசனத்தோடு இதுவும் முக்கியக் காரணம். அந்த அணையால்தான் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் வழக்கு முற்றி, 1924 ஒப்பந்தத்தில் போய் முடிந்தது, அந்த ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் நமக்கு மேட்டூர் அணை எழுந்தது. தஞ்சாவூர் விவசாயி இன்றைக்கும் பேசுகிற காவிரிப் பிரச்சினைக்குள் தங்கச் சுரங்கத்தின் மின்சாரத் தேவையும் இருக்கிறது. இந்தத் தொடர்பை யாரும் ஒரு இடத்தில் சேர்த்து எழுதுவதில்லை என்பது என் வெகுநாள் ஆதங்கம்.

இனி எங்கள் ஊர். தங்கவயலுக்கு வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள், வட ஆற்காடு, சேலம் பக்கத்து மக்கள், அதிலும் ஊரில் நிலமும் இல்லாமல் மரியாதையும் இல்லாமல் இருந்த தலித் குடும்பங்கள். கம்பெனி ஊர் என்றால் எல்லாமே கம்பெனிதான். துரைமார்களுக்குத் தோட்டத்தோடு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். தொழிலாளிக்கு லைன் வீடு. தொடக்க காலத்தில் அது வெறும் தட்டி வீடு: மூங்கில் தட்டியை நிறுத்தி அடைத்த ஒரே அறை, உள்ளேயே அடுப்பு. ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் லைன் முழுக்க எழுந்துகொள்ளும், நேரம் கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் கீழே விபத்தோ என்று பெண்கள் ஷாப்ட் பக்கம், சுரங்கத்துக்குள் இறங்குகிற குழிப் பக்கம், ஓடுவார்கள். கீழே பாறை வெடித்துச் சரிவதை ஏர் பிளாஸ்ட் என்போம். சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே ஆட்கள் வேலை செய்தார்கள்.

அதே மக்கள்தான் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை வைத்துப் பள்ளிக்கூடமும் பத்திரிகை வாசிப்புமாக இருந்தார்கள். 1930இல் கைரேகை எடுத்துப் பதிவு செய்யச் சொன்னபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று மொத்தச் சுரங்கத்தையும் நிறுத்தியவர்களும் அவர்களே.

என் அப்பா கம்ப்ரசர் ஹவுஸில் இருந்தார். கீழே பாறையைத் துளைக்கிற டிரில் எல்லாம் காற்றழுத்தத்தில் ஓடும், அந்தக் காற்றை அனுப்புவது அவர்கள் வேலை. மின்சாரம் நின்றால் வீட்டுக்கு வந்து "சிவசமுத்திரம் போயிடுச்சு" என்பார். கரண்ட் போச்சு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மின்சாரம் நின்றால் டிரில் நிற்கும், பம்பு நிற்கும், தண்ணீர் ஊற ஆரம்பிக்கும், கீழே இருக்கிறவர்கள் தொப்பி விளக்கு வெளிச்சத்தில் காத்திருக்க வேண்டும். திரும்பி வந்ததும் அழுத்தம் ஏறுகிறதா என்று முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பதுதான் மிக நீளமான நேரம் என்று அவர் சொல்வார். அந்த அருவியை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

அப்பா போன பிறகு நான் போய்ப் பார்த்தேன். பிளஃப் என்று அங்கே அழைக்கிற மேட்டில் மின்வாரியக் குடியிருப்பு, ஓட்டு வீடுகள், பெரிய மரங்கள். அங்கிருந்து கீழே நிலையத்துக்குச் சரிவில் தண்டவாளம் போட்டு, கம்பிவடத்தில் இழுக்கிற டிராலி. பக்கத்திலேயே ராட்சதக் குழாய்கள் செங்குத்தாக இறங்குகின்றன, கை வைத்தால் உள்ளே தண்ணீர் போகிற அதிர்வு தெரிகிறது. அதுவும் எங்கள் ஊரைப் போலவே, வேலைக்காகவே உருவான ஊர். ஆனால் அது உயிரோடு இருக்கிறது, நிலையம் இப்போது 42 மெகாவாட் திறனோடு நிற்கிறது. எங்கள் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28இல் மூடிவிட்டார்கள். இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

அதனால் என் கோரிக்கை இரண்டுதான். "ஆசியாவின் முதல்" என்பதற்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், கம்பியின் இந்த முனையைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். ஆட்களை ஏற்றி இறக்குகிற வைண்டிங்கிலும், கம்ப்ரசரிலும், தாதுவை அரைக்கிற மில்லிலும் வேலை செய்த பெரியவர்கள் சாம்பியன் ரீஃபிலும் ஊரிகத்திலும் இன்னும் இருக்கிறார்கள், நன்றாகப் பேசுவார்கள், ஆனால் எல்லோருக்கும் வயதாகிறது. உங்கள் நிருபரை இந்த வருஷத்துக்குள் அனுப்பினால் நல்லது. பங்காருப்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கிச் சொன்னால் போதும், நானே அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
கோலார் தங்கவயல் வாசகர்