தசைவலிக்குப் பயிற்சி வகுப்பு தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என மருத்துவம் வகைப்படுத்துகிறது. அவற்றுள் ஃபைப்ரோமயால்ஜியா எனப்படும் தசைவலி ரத்தப் பரிசோதனையிலோ எக்ஸ்ரேயிலோ தென்படாததால், 'எல்லாம் மனப்பிரமை' என்று வீட்டார் சொல்வதைக் கேட்டபடியே நோயாளிகள், பெரும்பாலும் பெண்கள், பல ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். இது மிகவும் வேதனைக்குரியது.

இந்த வலியோடு வாழும் எனக்கு மாத்திரையைவிட அதிகம் உதவியவை, நாகேஸ்வர ராவ் பூங்காவில் மெதுவாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிய நடையும், வலி குறைந்த நாளில் எல்லா வேலைகளையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் இடையிடையே ஓய்வெடுப்பதும், நேரத்துக்கு உறங்குவதும்தான். வாதநோய்களுக்கான ஐரோப்பிய அமைப்பு 2016-இல் திருத்தி வெளியிட்ட பரிந்துரைகளும் உடற்பயிற்சியையே உறுதியாக ஆதரிக்கின்றன.

ஆனால், எவ்வளவு நடக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்று முறையாகக் கற்றுத்தர ஆளில்லை. 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். அவர்களைக் கொண்டே சென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒருநாள் இப்பயிற்சியை நடத்த அரசு முன்வர வேண்டும். வீட்டாரையும் அதற்கு அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, மயிலாப்பூர், சென்னை