ஏற முடியாத சாய்தளங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தின் அரசு அலுவலகங்கள் பலவற்றின் வாசலில் இன்று சாய்தளம் இருக்கிறது. ஒரு காலத்தில் இதுகூட இல்லை என்பதால் அதை மகிழ்ச்சியோடுதான் சொல்ல வேண்டும். ஆனால் சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் பிறர் துணையின்றி அதில் ஏற முடியுமா என்பதை அளந்து பார்த்த பிறகே கட்டடத்துக்கு நிறைவுச் சான்று வழங்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சாய்தளத்தின் கணக்கு எளிதானது. ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் தண்ணீர் உள்ளே வராதிருக்க அடித்தளத்தை உயர்த்திக் கட்டுவது வழக்கம். தரை இரண்டடி உயர்ந்தால் சாய்தளம் இருபத்துநான்கு அடி நீள வேண்டும். வாசலில் அவ்வளவு இடம் இல்லாதபோது, இருக்கிற எட்டு அடிக்குள் அதை அடக்கி, மேலே வழவழப்பான டைல்ஸ் பதித்து, வேலை முடிந்ததாகக் கணக்கு எழுதிவிடுகிறார்கள்.

என் தங்கை சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். ஒரு பத்திரத்தில் கையெழுத்திட அவரை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மழை விட்டிருந்த நேரம். சாய்தளத்தின் அடியில் இரண்டு பைக்குகள் நின்றன. அவற்றை நகர்த்தி நாற்காலியை ஏற்றியபோது பாதி வழியில் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின, என் செருப்பும் ஈர டைல்ஸில் வழுக்கியது. அங்கிருந்த இருவர் ஓடி வந்து நாற்காலியோடு அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். அவர்களுக்கு என்றும் நன்றி உண்டு. ஆயினும், நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண் தன் சொந்தச் சொத்துக்குக் கையெழுத்திட அந்நிய ஆண்களின் கைகளில் தூக்கப்பட வேண்டியிருப்பது எவ்வளவு கூச்சத்தைத் தரும் என்பதை, வீடு திரும்பும் வரை அவர் ஒரு வார்த்தையும் பேசாததில் கண்டேன்.

உள்ளே போன பிறகும் தொல்லை தீர்வதில்லை. மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை என்று பலகை தொங்கும் அறைக்குள் துடைப்பமும் வாளியும் அடுக்கிப் பூட்டி வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். பூட்டாத இடங்களிலும், கதவு மூன்றடி அகலம் இல்லாததாலும், நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடி இடம் விடாததாலும் அது பயன்படுவதில்லை. இதற்கு அஞ்சியே வெளியூர் கிளம்பும் நாளில் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் உண்டு.

சட்டத்தில் குறை இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அணுகல் விதிகளுக்கு உட்படாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று வழங்கக் கூடாது என்கிறது. பழைய பொதுக் கட்டடங்களைச் சீர்செய்ய அது தந்த ஐந்தாண்டு அவகாசமும் 2022 ஜூனில் முடிந்துவிட்டது. இந்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடாமல் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அறிவுறுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. கடலுக்கு மேல் பாலம் கட்டும் திறமை உள்ள நமக்கு ஓர் அலுவலக வாசலைச் சரியான சரிவில் அமைப்பது அரிய வேலையாக இருக்க முடியாது.

செலவு அதிகம் என்ற வாதமும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் நிலம் மேடும் பள்ளமுமாக இருப்பதால், முன்பக்கம் பத்துப் படி உள்ள கட்டடத்தின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ தரை மட்டத்திலேயே நுழையும் வாய்ப்பு பல நேரம் அமைந்திருக்கும். வரைபடம் போடும்போதே அங்கு ஒரு வாசலைத் திட்டமிட்டால் சாய்தளமே தேவைப்படாது. அது மூட்டை முடிச்சு கிடக்கும் கொல்லைப்புறமாக இல்லாமல், எல்லோரும் பயன்படுத்தும் வாசலாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

எனவே மாவட்ட நிர்வாகமும், நாகர்கோவில் மாநகராட்சியும், நகராட்சி, பேரூராட்சி அமைப்புகளும் இனிக் கட்டப்படும் ஒவ்வொரு பொதுக் கட்டடத்துக்கும் நிறைவுச் சான்று வழங்கும் முன், சக்கர நாற்காலியில் வரும் ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் உரிய மதிப்பூதியம் தந்து அழைத்து, வாசல் முதல் கழிப்பறை வரை சென்று வரச் செய்து, அவர்களின் கையொப்பத்தையும் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இருக்கும் கட்டடங்களில் பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகளைத் திறந்துவிடுவதற்கும், சாய்தளத்தை மறிக்கும் வண்டிகளை அகற்றுவதற்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அந்த உத்தரவை இந்த வாரமே பிறப்பிக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.