லெஸ்டரிலிருந்து சோழவந்தானுக்கு

லெஸ்டர், இங்கிலாந்து,
தை 18

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கு நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா, தங்கச்சி அனைவரின் நலமறிய ஆவல். நம் வெற்றிலைக் கொடிக்காலைக் கிரயத்துக்குக் கேட்கிறார்கள் என்று நீங்கள் எழுதிய கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. மூன்று மாதங்களாக ஒரு வரியும் எழுதாமலிருந்தது என் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளிர் இம்முறை கடுமைதான். பகலில் போர்வையே போதுமாக இருப்பதால் ஹீட்டரை இரவில் ஒரு மணி நேரம் மட்டும் போடுகிறேன்; அதுவே உடம்புக்கு நல்லது. வேலைக்குப் போகாத ஞாயிறுகளில் கீழ்வீட்டுப் பெரியவரின் சமையலறையில் உட்கார்ந்து வானொலி கேட்கிறேன். ரசத்தைத் தேநீர்க் கோப்பையில் வாங்கிக் குடிப்பவர் என்று அம்மாவிடம் சொன்னேனே, அவர்தான்.

பிபிசியின் நான்காம் வானொலியில் 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' என்றொரு நிகழ்ச்சி வருகிறது; பிபிசியில் அது 1942-இலேயே தொடங்கியது. ராய் ப்ளோம்லி என்பவர் தொடங்கி, 1985-இல் காலமாகும்வரை அவரே நடத்தினார். விருந்தினர் ஆளில்லாத தீவில் தனியாக ஒதுங்கிவிட்டதாக வைத்துக்கொண்டு, உடன் இருக்க வேண்டிய எட்டு இசைத்தட்டுகளைச் சொல்ல வேண்டும். பைபிளும் ஷேக்ஸ்பியரும் தீவில் இருப்பதாகக் கணக்கு. அவற்றோடு இன்னொரு புத்தகமும், பிழைப்புக்கு உதவாத ஓர் ஆடம்பரப் பொருளும் கேட்கலாம். நடிகர், அமைச்சர், விஞ்ஞானி யாராயினும் இதே கேள்விகள்தான். பாட்டைப் பற்றிப் பேச வந்தவர்கள், அது வீட்டில் ஒலித்த காலத்தைச் சொல்லத் தொடங்கி, தகப்பனாரின் கடையையும் தாயாரின் நோயையும்கூடச் சொல்லிவிடுகிறார்கள். பெரியவர் தம்முடைய எட்டையும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார். அவ்வப்போது ஒன்றை அடித்து வேறொன்றை எழுதுகிறார். என் எட்டைக் கேட்டார். ஜெனகை மாரியம்மன் கோயில் திருவிழாவில் விடியற்காலையில் கேட்கும் நாயனம் எந்தத் தட்டில் இருக்கிறதென்று நான் சொல்வது, அப்பா? அதற்குமேல் உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

காலை எட்டு மணிச் செய்திக்குப் பிறகு 'டுடே' நிகழ்ச்சியில் அமைச்சர்களை மடக்கிக் கேட்பதும் உண்டு. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. பாக்தாதில் பிறந்த இயற்பியல் பேராசிரியர் ஜிம் அல்-கலீலி 2011 முதல் விஞ்ஞானிகளோடு நடத்தும் 'தி லைஃப் சயின்டிஃபிக்' வேறு வகை. தாமும் ஆய்வு செய்பவராதலால் அவருக்கு எங்கே கேட்க வேண்டும் என்று தெரிகிறது. அதைக் கேட்கும்போது நம் மதுரை டாக்டர் வெங்கடசாமி நினைவுக்கு வருகிறார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்னும் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவரிடம் அந்த விரல்களைப் பற்றி மட்டும் கேட்டிருந்தாலே அந்த நிகழ்ச்சியின் அரை மணி நேரம் போதாது.

2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சமயம் வானொலிக்காரர்கள் நம் கொடிக்காலுக்கு வந்தார்கள். ஏக்கருக்கு எத்தனை கவுளி வெற்றிலை, கொடி படர அகத்தி எப்போது விதைப்பது, எந்தச் சந்தைக்குப் போகிறது என்று கேட்டார்கள். நீங்களும் வெள்ளைச் சட்டை போட்டு, விறைப்பாக நின்று பதில் சொன்னீர்கள். ஐந்து நிமிடத்தில் அவ்வளவுதான் கேட்க முடியும். கோயம்புத்தூர் மில்லில் நிலையான வேலையை விட்டுவிட்டு, வாய்க்காலில் தண்ணீரே வராத வருடத்தில் ஏன் கொடிக்காலுக்குத் திரும்பினீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. இத்தனை வருடம் கூட இருந்த நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். கிரயத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில் அதைப் பொறுத்தது. எதற்காகத் திரும்பி வந்தீர்களோ அது இன்னும் அங்கே இருக்குமானால் விற்க வேண்டாம். தங்கச்சி கல்யாணத்துக்காக மட்டும் என்றால் பங்குனிவரை பொறுங்கள்.

மேலத்தெரு மாமாவிடம் அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போடாமல் பத்திரம் எழுதினால் பின்னால் வழக்குதான். இந்த மாதம் பணம் சற்றுக் குறைவாக வரும். சீட்டுக்குக் கட்ட வேண்டியிருந்தது, வேறொன்றுமில்லை. அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அப்பத்தாவுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாகத் தங்கச்சி சொன்னாள். தள்ளிப்போடாமல் அரவிந்துக்கு அழைத்துப் போங்கள். கூட்டத்தில் நிற்க உங்களுக்கு முடியாது, சித்தப்பா மகன் உடன் போகட்டும்.

நான் கேட்டதற்குப் பதிலை உங்கள் கையாலேயே எழுதுங்கள். தங்கச்சியிடம் சொல்லி எழுதவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்