எல்கேஜி, யுகேஜி பெற்றோர் கவனத்துக்கு: தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளைச் சரிபார்த்தோம். பலருக்கு 9 மாதத்தில் போட்ட தட்டம்மை–ரூபெல்லா ஊசியோடு நின்றிருக்கிறது. 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய இரண்டாவது தவணை இல்லை. சிலருக்கு இரண்டுமே இல்லை. 5 வயது முடிவதற்குள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். இரண்டும் விடுபட்டிருந்தால் நடுவில் 4 வாரம் இடைவெளி வேண்டும்.

"ஊசியால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா?" என்று கேட்கிறீர்கள். 2008-இல் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு 4 குழந்தைகள் இறந்ததை மறக்காதவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கணக்கை மட்டும் முன்வைக்கிறேன். இந்த ஊசியால் காய்ச்சல் வலிப்பு வருவது ஏறக்குறைய 3,000 பேரில் ஒருவருக்கு. அது பெரும்பாலும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். கடும் ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒருவருக்கு. தட்டம்மை வந்தாலோ, 20 பிள்ளைகளில் ஒருவருக்கு நிமோனியா, 1,000 பேரில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல். 1,000 பேரில் 1 முதல் 3 பேர் வரை இறக்கிறார்கள். நோயாளி எழுந்து போன அறையிலும் 2 மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். வியாசர்பாடி, காசிமேடு போல வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும் இடத்தில், ஊசி போடாத பிள்ளை தப்புவது கடினம்.

ஆட்டிசம் வரும் என்ற வாட்ஸப் செய்திக்கு வேர், 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை. 2010-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது.

மருந்துத் தூளைக் கரைத்த பின் 4 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் கிருமி வளர்ந்து ஆபத்தாகும். அதனால் குப்பியில் கரைத்த நேரம் எழுதியிருக்கிறதா என்று செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். புற்றுநோய் சிகிச்சை, நீண்ட நாள் ஸ்டீராய்டு, முன்பு ஊசியால் வந்த கடும் ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களுக்கு மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்வார். லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம். போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடும் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

இந்த ஊசிக்குக் காய்ச்சல் அன்றே வராது, 6 முதல் 12 நாள் கழித்து வரும். லேசான தடிப்பும் வரலாம். பாராசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 6 மணி நேர இடைவெளியில். தவறு பெரும்பாலும் சிரப்பில்தான் நடக்கிறது. 5 மி.லி.யில் 120 மி.கி., 250 மி.கி. என இரண்டு வகை கடையில் கிடைக்கும். 15 கிலோ பிள்ளைக்கு முதல் வகையில் 6 முதல் 9 மி.லி., இரண்டாவதில் 3 முதல் 4.5 மி.லி. பாட்டிலைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

வீட்டில் யாருக்காவது தட்டம்மை போட்டிருந்தால் வேப்பிலை கட்டுவதோடு பள்ளிக்கும் சொல்லி அனுப்புங்கள். பிள்ளைக்கே வந்திருந்தால், தடிப்பு தெரிந்து 4 நாள் வரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். மருத்துவரிடம் வைட்டமின் ஏ கேட்டு வாங்கிக் கொடுங்கள், கண்பார்வையைக் காக்கும்.

அட்டை தொலைந்திருந்தாலும் வாருங்கள். ஏற்கெனவே போட்டிருந்து மறுபடி போட்டாலும் கெடுதல் இல்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்