பழம் பணத்தாள் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. அமெரிக்கச் சிற்றூர்களின் தேசிய வங்கிகள் (நடுவண் அரசின் உரிமம் பெற்ற தனியார் வங்கிகள்) வெளியிட்ட பணத்தாள்களையே இவ்வாண்டு முழுவதும் ஆய்வுப் பொருளாகக் கொண்டோம். 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசுக் கடன் பத்திரங்களை வாங்கிக் கருவூலத்தில் ஈடாக வைத்த வங்கிகள் தத்தம் பெயரில் பணத்தாள் வெளியிட உரிமை பெற்றன. 3,000 பேருக்கு மேற்படாத ஊர்களில் 25,000 டாலர் மூலதனத்துடன் வங்கி தொடங்க 1900ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்த பிறகு, வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஊர்களின் பெயர்களும் பணத்தாளில் ஏறின. ஈட்டுப் பத்திரங்களை அரசு திரும்பப் பெற்றதால் 1935இல் இம்முறை முடிவுற்றது.

ஒரு கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த 1902 வரிசைப் பத்து டாலர் தாளைத் தனியே குறிப்பிட விரும்புகிறேன். அந்த 1900ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்ட அமெரிக்க அதிபர் மெக்கின்லியின் உருவமே அதில் உள்ளது. அவ்வரிசைத் தாள்கள், பல பணத்தாள்கள் சேர்ந்த வெட்டாத முழுத்தாளாகவே வங்கிக்கு வந்து, அங்கே கையொப்பம் பெற்று வெட்டப்பட்டவை. இதன் கீழ் ஓரம் கோணலாக இருப்பது அதனால்தான். காசாளரின் மைக் கையெழுத்து பழுப்பேறி நிற்கிறது. வங்கித் தலைவரின் ஊதா நிற ரப்பர் முத்திரையோ, விற்றவர் தாளைக் கழுவி இஸ்திரி போட்டதால் வெறும் நிழலாகிவிட்டது. அப்பெயரை இனி எந்த உருப்பெருக்கியாலும் படிக்க இயலாது என்பது எனக்கு ஆறாத வருத்தம். கழுவிய தாள்களைக் கண்காட்சியில் வைப்பதில்லை என்று அன்றே ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

இந்நிகழ்வே கையொப்பப் பதிவேட்டைத் தொடங்கத் தூண்டியது. ‘முதல் தேசிய வங்கி’ என்ற பெயர் ஊருக்கு ஊர் இருந்ததால், உரிமம் அளிக்கையில் அரசு வழங்கிய, வங்கிக்கு வங்கி வேறுபடும் சாசன எண்ணின் வரிசையிலேயே பதிவுசெய்து வருகிறோம். பெண் காசாளர்கள் கையொப்பமிட்ட தாள்களும் கிடைப்பதுண்டு. அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியுள்ளோம். சிறிய அளவில் வந்த 1929 வரிசையில் கையெழுத்துகளும் அச்சிலேயே இடம்பெற்றதால் படிப்பது எளிது. ஆகவே அவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மை மங்கிவரும் பழைய தாள்களை உறுப்பினர்கள் முதலில் கொண்டுவர வேண்டுகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்