பென்சில் நோட்டில் உன் பெயர்

சென்னை
சனிக்கிழமை ராத்திரி

அன்புள்ள குண்டு,

போன வருஷப் பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, சின்னவளுக்குப் பையன் பிறந்திருக்கிறான், காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டார்கள். சரி, நலம் விசாரித்தாயிற்று.

பழைய சுவடியும் புத்தகமும் சேர்த்து வைத்தாரே நம் சைதாப்பேட்டைப் பெரியவர், அதைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்டில் என்னை டிரஸ்டியாகப் போட்டுவிட்டார்கள். சிரிக்காதே. முப்பத்திரண்டு வருஷம் பாங்கில் லெட்ஜர் எழுதினவன், கணக்குக்கு ஆகும் என்று கூப்பிட்டார்கள். வருஷத்துக்கு நாலு கூட்டம், ஒரு போண்டா, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்று நானும் நம்பிப் போனேன். கணக்கு பத்து நாளில் முடிந்தது. அதற்கப்புறம் எட்டு மாசமாக அந்த மாடியில்தான் கிடக்கிறேன். மூன்றாவது படி இன்னமும் ஆடுகிறது.

நீயும் நானும் பார்த்தபோது பெரியவர் பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவாரே, அந்த மாடியாக நினைத்துக்கொள்ளாதே. பீரோவைத் திறந்தால் பூச்சி உருண்டை நெடி மூக்கில் குத்துகிறது. நாடக நோட்டீஸ் நாற்பதையும் யாரோ ஒரு புண்ணியவான் தெருமுனைக் கடையில் கொடுத்து லாமினேட் செய்து வைத்திருக்கிறார். பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். இப்போது பிளாஸ்டிக் பழுத்துப்போய், மை அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்தால் எழுத்தும் கூட வந்துவிடும். சூட்டில் ஒட்டினதைத் திருப்ப முடியாதாம். 2015 டிசம்பரில் அடையாறு உள்ளே வந்தபோது கீழ் அறை டிரங்குப் பெட்டி நனைந்ததாம். அதிலிருந்த கட்டுகளை மொட்டை மாடி வெயிலில் விரித்து, வடாம் மாதிரி காய வைத்திருக்கிறார்கள். அதுவும் வடாம் மாதிரியேதான் ஆகியிருக்கிறது. நனைந்த காகிதத்தை உடனே உறைய வைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்காமல் நாள் கிடைக்கும், அப்புறம் நிதானமாக நிழலில் உலர்த்தலாம் என்று அந்த வேலை தெரிந்த ஒரு பெண் இப்போது சொல்கிறாள். அன்றைக்குக் கரண்டே இல்லையே, எங்கே போய் உறைய வைப்பது?

ஏசி கதையையும் கேள். டிரஸ்டு வருமானத்தில் 85 சதவீதத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவழித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வரிச் சலுகையில் வில்லங்கம் வரும். அதனால் மார்ச் மாசம் வந்தாலே எங்கள் ஆட்களுக்குச் செலவழிக்கும் ஜுரம் பிடித்துக்கொள்ளும். அந்த ஜுரத்தில் வாங்கின ஏசி காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை ஓடும், அப்புறம் ஆஃப். ராத்திரி பூராவும் நம் ஊர்ப் புழுக்கம் உள்ளே ஏறும். குளிர், புழுக்கம், குளிர், புழுக்கம் என்று காகிதம் தினமும் விரிந்து சுருங்குகிறது. ஏசியே இல்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது. கூட்டத்தில் இதைச் சொன்னேன். "அப்போ ஏசியை என்ன செய்வது, ஆடிட்டர் கேட்பாரே?" என்றார் ஒருவர். நான் போண்டாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நல்லதாக ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண் ஓர் ஓலை ஏட்டுக் கட்டை அவிழ்த்தாள். மேல் ஏட்டைப் பார்த்தால் வெறும் பழுப்பு, கீறல்கூடத் தெரியவில்லை. எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தாள், விளக்குக் கரியைத் தேய்த்தாள், துணியால் ஒற்றி எடுத்தாள். எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது. "சுக்கு" என்பதுதான் நான் முதலில் படித்த வார்த்தை. ஏதோ வைத்தியச் சுவடி. அந்தக் 'கு'வின் சுழியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து போய்விட்டார்.

அந்தச் சுவடிகளுக்கு ஒரு வியாபாரி விலை பேசி வந்தார், தெரியுமா? வந்த பணத்தில் கூரையைப் போட்டுவிடலாம் என்று இரண்டு டிரஸ்டிகளுக்கு ஆசை. 75 வருஷம் தாண்டிய சுவடி 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்தில் வரும், அதில் வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும், வெளிநாட்டுக்குப் போய்விட்டால் பெரிய குற்றம் என்று நம்ம வக்கீல் மாமா புட்டுப் புட்டு வைத்தார். "அக்கறையுள்ள இரண்டு பேர் கோர்ட்டில் அனுமதி வாங்கி, சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவில் வழக்குப் போட்டால் நாம் எல்லோரும் கூண்டில் நிற்போம்" என்றும் சேர்த்துக்கொண்டார். வியாபாரி காபியைக்கூட முடிக்காமல் போய்விட்டார்.

ஆனால் குண்டு, என்னைத் தூங்க விடாதது வியாபாரி இல்லை. போன மாசம் ஒரு பையன் வந்தான், முப்பது வயசு இருக்கும். அவன் தாத்தாவின் கடைக் கணக்குப் புத்தகம் எங்களிடம் இருக்கிறதாம், வேண்டுமாம். இருக்கிறது. ஆனால் அது தாத்தா கொடுத்ததா, "வைத்திருங்கள், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்" என்றதா? ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நான்கு பேரில் இரண்டு பேர் கொடுத்துவிடலாம் என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். கொடுத்தால் டிரஸ்டு சொத்தை வாரிக் கொடுத்ததாகும், மறுத்தால் அவன் வீட்டுச் சொத்தை அமுக்கிக்கொண்டதாகும். கடைசியில் முழுவதையும் ஸ்கேன் செய்து பிரதியைக் கொடுத்தோம். மூலம் எங்களிடம் இருப்பு மட்டுமே, உரிமை இன்னும் முடிவாகவில்லை என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பையன் பக்கங்களைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். பெரியவர் முகத்தை நம்பிக் கொடுத்தவர் பேரனிடம் கையெழுத்து வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்றைக்குத்தான் தீர்மானித்தேன், பதிவேடு முடிகிறவரை ஸ்கேனர் வேண்டாம், ஏசி வேண்டாம், கண்காட்சியும் வேண்டாம். என்ன பொருள், யார் கொடுத்தது, எப்போது, தானமா இரவலா, என்ன நிலையில் இருக்கிறது. ஐந்தே பத்தி. கோட்டையூரில் ரோஜா முத்தையா பழைய தமிழ்ப் புத்தகங்களை ஒற்றை ஆளாகச் சேர்த்துவிட்டு 1992இல் காலமானாரே, அதைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியும் நல்லவேளையாக நம் ஊரிலேயே வைத்தார்கள். தரமணியில் இருக்கும் அந்த நூலகத்துக்குப் போனால் கேட்ட புத்தகத்தை எண் போட்டு எடுத்து நீட்டுகிறார்கள். போய்ப் பார்த்துவிட்டுப் பொறாமையோடு திரும்பினேன். எங்களிடம் இருப்பது அதில் ஒரு மூலைக்குக்கூட வராது, ஆனால் எங்களிடம் எது இருக்கிறதென்றே எங்களுக்குத் தெரியாது!

பதிவேடு எழுதும்போது பெரியவரின் பென்சில் நோட்டு ஒன்று பரணில் கிடைத்தது. இரவல் கணக்கு. யாருக்கு என்ன கொடுத்தார் என்று எல்லாம் இருக்கிறது. நம்மிடம் ஒரு நாள்கூடத் திருப்பிக் கேட்டதில்லையே மனுஷன்! ஆறாம் பக்கத்தில் என் பெயர், எதிரே ஒரு பஞ்சாங்கம். வீட்டுப் பரணில் தீபாவளி மலர்களுக்கு அடியில் இருந்தது, ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. கூட்டத்தில் எழுந்து நின்று ஒப்புக்கொண்டு கொடுத்தேன். வக்கீல் மாமா மினிட்ஸில் எழுதியே விட்டார்.

ஏழாம் பக்கத்தில் நீ. "குஜிலிப் பாட்டுப் புத்தகம், 11, கட்டு ஒன்று. நாடகத்துக்கு." எந்த நாடகம் என்று எனக்கும் தெரியும், நீ எந்த இடத்தில் வசனத்தை மறந்தாய் என்பதும் தெரியும். உன் வீட்டு மர அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் நானே பார்த்திருக்கிறேன், மறுக்காதே. குஜிலிக் கடைத் தெருவில் விற்ற காலணாப் புத்தகம்தானே என்று நினைக்காதே. படித்துவிட்டுத் தூக்கிப் போடத்தான் அதை அச்சடித்தார்கள், அதனால்தான் இன்றைக்கு மிச்சம் இல்லை.

கூரியரில் அனுப்பாதே. செலோ டேப் ஒட்டாதே, பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ரப்பர் பாண்டும் வேண்டாம். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, மேலும் கீழும் அட்டை வைத்து, மடியில் வைத்துக்கொண்டு காலை ரயிலில் வா. பதிவேட்டில் 212ஆம் எண்ணைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். அண்ணியிடம் சொல், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

உன்
ஒல்லி